கரியும் காற்றும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கத் துடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் முன் நீளமாகப் பேசுவது பாவம். ஆகவே ஒரே ஒரு பொருளைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பொருள் கரி.

பாசிர் கூடாங்கில் இரசாயனம் என்றாலே தாய்மார் முகம் மாறுகிறது. 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் பிள்ளைகள் மூச்சுத் திணறியதும், இவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டதும் யாருக்கும் மறக்கவில்லை. "எம் பிள்ளைக்கு இந்தப் படிப்பே வேணாங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அன்று காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து சொன்னவர்களும் இரசாயனம் படித்தவர்கள்தாம். அந்தப் படிப்புக்கு இன்னொரு முகமும் இருக்கிறது.

வீட்டில் காது மந்தமான தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுடைய காதுக் கருவியைப் பாருங்கள். அதற்குப் போடும் பொத்தான் பேட்டரியின் மேல் சின்ன ஒட்டுத்தாள் இருக்கும். அதை உரித்த பிறகுதான் பேட்டரி வேலை செய்யும். ஏன்? உள்ளே இருப்பது துத்தநாகம். மறுபாதிச் சரக்கு வெளியே இருக்கும் காற்று! நாம் சுவாசிக்கும் அதே பிராணவாயு, பொடித் துளை வழியே உள்ளே போய், மின்னணுக்களை வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கிக்கொள்ளும் இடம் கரிப்பூச்சு. அதோடு கொஞ்சம் மாங்கனீஸ் ஆக்சைடும் சேர்ந்திருக்கும்.

இதே வித்தையைப் பெரிய அளவில் செய்வது எரிமின்கலம். 1839-இல் வில்லியம் குரோவ் என்பவர் ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். புகை இல்லை, மிஞ்சுவது தண்ணீர். இவ்வளவு நல்ல சாமான் ஏன் இன்னும் எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை?

கோளாறு பிராணவாயுவிடம் இருக்கிறது. அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சண்டையிட்டுப் பிரிக்க முடியாத அண்ணன் தம்பி மாதிரி. அவற்றைப் பிரித்து, நான்கு மின்னணுக்களைக் கொடுத்தால் தண்ணீர் ஆகும். இரண்டோடு நின்றுவிட்டால் பெராக்சைடு ஆகி, கலத்தையே அரிக்கும். இந்த மத்தியஸ்தம் செய்யும் பொருளைக் கிரியா ஊக்கி என்கிறோம். இன்றைய வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது பிளாட்டினம். பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் தோண்டி எடுக்கப்படும் அருமையான உலோகம் அது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பிளாட்டினத்தை விட்டு மலிவாக வேறு எதையாவது பிடிக்கலாமா என்று வெகுநாளாகத் தேடுகிறார்கள். 1964-இல் ஜாசின்ஸ்கி என்பவர், நீலச் சாயத்துக்கு உறவான கோபால்ட் சேர்மம் ஒன்று இந்த வேலையைச் செய்யும் என்று கண்டார். 2009-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் லிமிங் டாய் குழுவினர் கரியாலான நானோ குழாய்களை எடுத்துக்கொண்டார்கள். நானோ என்றால், தலைமயிரை ஆயிரக்கணக்கான கூறாக வகிர்ந்தால் வரும் அளவு. அந்தக் கரிக்குள்ளே நைட்ரஜன் அணுக்களைப் பதித்தார்கள். நைட்ரஜன் பக்கத்துக் கரி அணுவிடமிருந்து மின்னணுவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கிறது. அந்தக் கரி அணு ஏங்கி நிற்க, பிராணவாயு வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது. காரக் கரைசலில் இது பிளாட்டினத்தையே மிஞ்சியது.

அமிலத்தில் மட்டும் இந்தக் கரி திணறுகிறது. இரும்பு சேர்த்தால் சுறுசுறுப்பு வருகிறது, ஆயுசு போதவில்லை. வண்டிகளுக்கான கலம் பெரும்பாலும் அமில வகை என்பதால், அந்தப் பக்கம் பிளாட்டினம் இன்னும் ஆசனத்தை விட்டு இறங்கவில்லை. 'நானோ' என்று பேர் ஒட்டி வளையலும் தண்ணீரும் விற்க வருகிறவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெற்றோர்களே. காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம கதைக்கு வருவோம். செம்பனை ஆலையில் கொட்டை ஓட்டைக் கொதிகலனில் போட்டு எரிக்கிறோம். பழம் உதிர்ந்த வெறுங்குலையைத் தோட்டத்திலேயே போடுகிறோம். அந்த ஓட்டைக் காற்றுப் படாமல் சுட்டுப் பதப்படுத்தினால், ஒரு கிராம் கரிக்குள்ளே ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். பன்னிரண்டு பூப்பந்து ஆட்டக்களம் ஒரு சிட்டிகைக்குள்! நைட்ரஜனுக்கு எங்கே போவது? மரத்துக்குப் போடுகிறோமே யூரியா உரம், ஆய்வுக்கூடங்களில் அதையே கரியோடு சேர்த்துச் சுடுகிறார்கள். செம்பனைக் கழிவிலிருந்து இப்படிக் கரி செய்யும் முயற்சி நம் நாட்டிலும் நடக்கிறது. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் எரிமின்கலத்துக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் இருக்கிறது. கூச்சிங்கில் 2019-இல் ஹைட்ரஜன் உற்பத்தி நிலையம் திறந்தார்கள்.

வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். செட்டிநாட்டுக் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அங்கே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. மின்கலமும் துருவும் மின்முலாமும் அங்கே அன்றாட வேலை. தமிழ் பேசும் ஊரில் நடக்கிற வேலை அது.

கொட்டை ஓட்டை அள்ளிச் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க உரிமை உண்டு. படிவம் நான்கில் அறிவியல் எடுக்கக் கணக்கும் வேண்டும், மலாயும் ஆங்கிலமும் வேண்டும். "நம்மாலே முடியாது" என்று பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே நாம் சொல்லிவிடுகிறோம். அதை மட்டும் நிறுத்துவோம், ஐயா, அம்மா.

மண்டபத்துப் பின்பக்க மேசையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் காதுக் கருவிப் பேட்டரி இரண்டை இணைத்துச் சின்னச் சிவப்பு விளக்கு எரிய வைத்திருக்கிறார்கள். துளையை ஒட்டுத்தாளால் மூடினால் காற்றில்லாமல் விளக்கு கொஞ்ச நேரத்தில் மங்கும்; எடுத்தால் மீண்டும் எரியும். போகும்போது பாருங்கள். சின்னஞ்சிறுசுகள் கைக்கு மட்டும் அந்தப் பேட்டரி போகக்கூடாது, விழுங்கினால் ஆபத்து.