ஜாக்கி பேசட்டும்!

எதிரணித் தம்பி கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடக் கோடி கோடியாகக் கொட்டணுமா? அது சோறு போடுமா?" இதே கேள்வியைத்தான் மீஞ்சூரில் எங்க வீட்டுக்காரரும் கேட்டார். அவர் பிட்டர். பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டு, "பிசிக்ஸ்தான் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அப்பாவிடம் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஜெனீவா பக்கத்தில் பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம். ஏறக்குறைய மீஞ்சூரிலிருந்து சென்ட்ரல் போகிற தூரம். அதில் புரோட்டான்களை மோதவிட்டு, ஹிக்ஸ் என்ற துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4-ல் அறிவித்தார்கள். பிறந்த கையோடு அது சிதைந்துவிடும். நூற்றுக்கு ஆறு தடவை இரண்டு 'டாவ்' ஆகும். டாவ், எலெக்ட்ரானுக்கு அண்ணன். எடை சுமார் 3,500 மடங்கு. 1975-ல் மார்ட்டின் பெர்ல் குழு கண்டுபிடித்தது. 1995-ல் அவருக்கு நோபல் பரிசு.

அண்ணனுக்கும் ஆயுசு கம்மி. விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குகூட நிற்காது. அப்புறம் எப்படிப் பிடிக்கிறார்கள்? வெளியே போய்விட்டு வருகிறோம். திண்ணையில் ரெண்டு டம்ளர், வெற்றிலைக் காம்பு. வந்துபோனது மாமியார்தான்னு தெரியாதா? (சிரிப்பு) அதில் நியூட்ரினோ மட்டும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடும். மிச்சத்தைக் கூட்டி, குறைகிற கணக்கை வைத்து அதையும் ஊகிக்கிறார்கள். மளிகைக் கணக்கில் அஞ்சு ரூபாய் குறைந்தால் பையனைக் கூப்பிடுகிறோமே, அதே வித்தை!

எலெக்ட்ரான் குடும்பத்துக்கும் எடை கொடுப்பது ஹிக்ஸ்தானா? அதற்கு முதல் உறுதியான சாட்சி இந்த டாவ். 2016-ல் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு குழுக்களும் கணக்கைச் சேர்த்துச் சொன்னார்கள். சி.எம்.எஸ். கருவியில் ஒரு பகுதி, மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகமும் செய்தது.

இதுக்கெல்லாம் மனுஷர் அசையவில்லை. அடுத்ததுக்கு அசைந்தார். அந்தச் சுரங்கத்தில் 15 மீட்டர் நீளம், 35 டன் எடையில் 1,232 காந்தங்கள். ஒவ்வொன்றும் மூன்று ஜாக்கி மேல் நிற்கிறது. மயிரிழை பிசகாமல் நகர்த்தணும். அந்த மாதிரி ஜாக்கிகள் 7,000-க்கும் மேல், இந்தூர் மையம் வடிவமைத்து, நம்ம நாட்டுப் பட்டறைகளில் செய்து அனுப்பியவை! (கைதட்டல்) டாவை வைத்து நாளைக்கே மிக்ஸி ஓடும்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் தம்பி, சோறு போட்டதா என்று அந்தப் பட்டறையில் லேத் ஓட்டினவரைக் கேளுங்க.

எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "ஜாக்கியா? முப்பத்தஞ்சு டன்னை மயிரிழைக்கு நகர்த்துதா? மரை எப்படிம்மா போட்டாங்க?" மகளுக்குத் தெரியவில்லை. "படிச்சுட்டு வந்து சொல்றேம்ப்பா" என்றாள். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார், பி.எஸ்சி. பிசிக்ஸுக்கு விண்ணப்பம் போட.