ஊர் வரலாற்றில் சேரி எங்கே?

(ஈரோட்டில் பெரியார் வாழ்ந்த இல்லத்தில், உள்ளூர் வரலாற்று எழுத்தாளர்களுடனான சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஓய்வூதியப் பணத்தைப் போட்டு ஊர் வரலாறு அச்சிட்டவர்கள். என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள் ஓர் ஊருக்குள் போகும்முன் முதலில் கையில் எடுப்பது உங்கள் நூல்களைத்தான். அந்த நன்றியோடு ஒரு கேள்வியை வைக்கிறேன்: நாம் எழுதும் ஊர் வரலாற்றில் சேரி எங்கே இருக்கிறது?

கோயில், கல்வெட்டு, காணி உரிமை, பட்டக்காரர், கொடையாளர். கடைசியில் 'இதர சமூகத்தினர்' என்று ஒரு பத்தி. பெரும்பாலான நூல்களின் அமைப்பு இதுதான். 'ஆண்ட பரம்பரை' என்று மேடை போடுகிறவர்கள் இன்று சான்று காட்டுவதும் இவற்றையே. எழுதியவருக்கு அந்த நோக்கம் இருந்திருக்காது. ஆனாலும் ஒரு சாதியின் பெருமையை ஊரின் வரலாறு என்று பெயரிட்டு அச்சிட்டால் அது அங்கேதான் போய்ச் சேரும்.

கொங்குக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். பம்புசெட் வருவதற்கு முன்பு இங்கே தோட்டங்கள் விளைந்தது கவலை இறைப்பால். எருதுகள் இழுக்க, நீரை மேலே கொண்டுவந்த தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தோல் வழியே வந்த நீர் பயிருக்குத் தீட்டாகவில்லை. அதைத் தைத்த கை குடிநீர்க் கிணற்றில் பட்டால் மட்டும் தீட்டு! நம் நூல்களில் கிணறு வெட்டிய பண்ணையக்காரர் பெயர் இருக்கிறது. தோல் தைத்தவர் பெயர் இல்லை. காலிங்கராயன் வாய்க்காலைச் சொல்லாத ஈரோட்டு வரலாறு கிடையாது. அதை வெட்டி மண் சுமந்தவர்கள் யார் என்று கேட்ட நூல்கள் எத்தனை?

இதை இந்த வீட்டில் வைத்துச் சொல்லக் காரணம் உண்டு. முன்னோடியின் வீடு என்றால் படத்தையும் பொருள்களையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். இந்த வீட்டிலிருந்து கிளம்பியது ஓர் ஆள் மட்டுமா? 1921 கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவில் நின்றார்கள். 1924இல் நாகம்மையார் வைக்கம் போராட்டத்துக்குப் போனார். 1933ஆம் ஆண்டுத் தலையங்கம் ஒன்றுக்காகக் 'குடிஅரசு' மீது வழக்கு வந்தபோது, பெரியாரோடு, வெளியீட்டாளராக இருந்த அவரது சகோதரி கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார்.

1925 மே 2இல் தொடங்கிய அந்த ஏட்டின் தலையங்கங்களை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். உள்ளூர் வரலாற்றுக்கான புதையல் அதன் உள்பக்கங்களில் இருக்கிறது. சிற்றூர்க் கூட்டச் செய்திகள், சுயமரியாதைத் திருமணச் செய்திகள் என்று பெயர் பெயராகக் கிடக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயர் அதில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்த மனிதரின் பேரப் பிள்ளைகளைத் தேடிப் போங்கள்.

"சேரிக்கு ஆவணம் இல்லையே" என்பார்கள். எழுத்தை மறுத்துவிட்டு ஆவணம் கேட்பது என்ன நியாயம்? மராத்தியில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கப் பெண்களை நேரில் சந்தித்து, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு, 1989இல் நூலாக்கினார்கள். பெண்களுக்கும் அந்த இயக்கத்தில் பங்குண்டு என்பதை இனி யாரும் மறைக்க முடியாது. நம் ஊரிலும் அது முடியும்.

சேரித் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். ஊர்த்தெருவில் முதன்முதலில் செருப்புப் போட்டு நடந்தவர் யார்? பொதுக் கிணற்றில் முதலில் வாளி இறக்கியவர் யார்? தனிக் குவளையில் தேநீர் வேண்டாம் என்று எழுந்து போனவர் யார்? பள்ளிப் படிப்பை முடித்த முதல் பெண் யார்? அதற்காக அவர்கள் வாங்கிய அடி என்ன, கட்டிய அபராதம் என்ன? உங்கள் ஊரின் முன்னோடிகள் இவர்கள்தான். அவர்களை நேரில் கண்டவர்களுக்கு இன்று எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு சாவிலும் ஒரு நூல் போகிறது.

பெயர் போட்டால் ஊரில் சண்டை வரும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். அது பொய்யான அச்சமல்ல. நூல் வந்தபின் நீங்கள் வீடு திரும்பிவிடலாம். சொன்னவர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். எனவே சொன்னவரின் சம்மதத்தோடு எழுதுங்கள். அவர் வேண்டாமென்றால் பெயரை மறையுங்கள், நடந்ததை மறைக்காதீர்கள்.

உங்களில் பலர் அடுத்த பதிப்புக்கு வேலை செய்துகொண்டிருப்பீர்கள். அதில் அந்த 'இதர சமூகத்தினர்' பத்தியை நீக்கிவிட்டு, அங்கே மனிதர்களின் பெயர்களை எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஜெய்பீம்.