பல் நாற்காலியில் ஐந்து கூழாங்கற்கள்



உங்கள் காணிக்கையால் நடந்துவரும் பல் மருத்துவப் பிரிவில், சிறு பிள்ளைகளிடையே நாங்கள் செய்யும் பணியைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள்.

நம் மாவட்டத்து நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கியபோது, அறுவைக்கு மயக்க மருந்து வழக்கத்தில் இல்லை. 1846-ல் பாஸ்டன் நகரில் ஈதரைப் பலர் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டியவர் மார்ட்டன் என்ற பல் மருத்துவர். வலிக்கு வழி பிறந்தது. பயம் அத்தனை எளிதில் போவதில்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் நாலைந்து வயதுப் பிள்ளைகள். இரவில் பால் புட்டியோடு தூங்கித் தூங்கி முன்பற்கள் கறுத்துப் போயிருக்கும். "விழப்போகிற பால்பல்தானே" என்று விட்டுவிட்டு, முகம் வீங்கிய பிறகு கொண்டுவருவார்கள். திமிறுகிற பிள்ளையைப் பிடித்து அமுக்கிப் பல்லை எடுத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பிள்ளை மறுபடி எங்கள் வாசலை மிதிக்காது. ஆறு வயதில் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல்லும் சொத்தையாகி வீணாய்ப் போகும்.

ஆகவே அவசரப்படுவதில்லை. "சொல், காட்டு, செய்" என்று அடெல்ஸ்டன் என்பவர் 1959-ல் எழுதிய முறைப்படி, காற்றுக் குழாயை முதலில் பிள்ளையின் உள்ளங்கையில் ஊதிக் காட்டுகிறோம். ஈறு மரத்துப்போகக் களிம்பு தடவிவிட்டுக் கதை தொடங்குகிறோம். தாவீது ஓடையில் கல் பொறுக்கின கதை ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். "மக்களே, கல்லை ஒவ்வொண்ணா பையில போடுவோம், கால்விரலை ஆட்டி எண்ணு பாப்போம்" என்போம். கல்லைத் தேடித் தேடி மெதுவாகவே எடுப்போம். ஊசி மருந்தும் மெதுவாகப் போனால்தான் வலி குறையும்.

மற்றப் பிள்ளைகளுக்கு வடசேரியிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ் விடுவோம். கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம், கொட்டாரம் என்று போகையில் ஓர் ஊரை வேண்டுமென்றே விட்டுவிடுவோம். "டாக்டருக்கு ஊரே தெரியல்ல" என்று வலது கட்டைவிரலை உயர்த்தத் துடிக்கிற பிள்ளைக்கு, வாயில் நடப்பதைக் கவனிக்க நேரம் ஏது? இடது கை உயர்ந்தால் மட்டும் அது விளையாட்டல்ல. உடனே நிறுத்துவோம், வலித்தால் மருந்து சேர்ப்போம்.

செல்போனில் கார்ட்டூன் காட்டினால் போதாதா என்கிறார்கள். சிலருக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் கண் கலங்கினால் கார்ட்டூனுக்குத் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் சொல்லாதீர்கள்.

கடற்கரைக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி முதல் நாள் நாற்காலியில் ஏறவேயில்லை. தாயின் மடியிலேயே பற்களை எண்ணி அனுப்பினோம். மூன்றாம் முறைதான் வேலை முடிந்தது. அந்தத் தாய் மீன் விற்றுப் பிழைப்பவர். மூன்று நாள் வியாபாரம் போயிற்று. பயத்தைப் பொறுமையாய்ப் போக்குவதற்கு ஆகும் உண்மையான செலவு இதுவே. திரும்ப வருகிற ஏழைத் தாய்மாருக்கு பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் கொடுக்க நிதி சேர்க்கிறோம். உங்கள் சங்கங்களில் இதை அறிவியுங்கள். பொம்மை அனுப்ப விரும்புகிறவர்கள், துணிப் பொம்மை வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவத் தக்கதாய் அனுப்புங்கள்.