வீட்டுத் திரைக்கு ஏற்ற ஓவியம்

பார்க்காத வேளையில் வெறும் கறுப்புப் பலகையாக நிற்கும் தொலைக்காட்சித் திரையில் ஓவியமொன்றை நிறுத்திவைக்கும் வழக்கம், 2017 இல் சாம்சுங் நிறுவனம் படச்சட்டம் போன்ற விளிம்புடைய தொலைக்காட்சியை விற்பனைக்கு விட்டபின் பரவலாயிற்று. வாடகைச் சுவரில் ஆணி அடிக்க முடியாத கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக் குடும்பங்களுக்கு இது வசதியான ஏற்பாடே. ஆயினும் கருவியோடு வரும் அந்திவானமும் பூந்தோட்டமுமே பெரும்பாலும் திரையில் தங்கிவிடுகின்றன. தெரிந்தெடுக்கும் கண் பழகாததே இதற்குக் காரணம். அக்கண்ணைப் பழக்கத் தக்க இடம் அதே நகரின் பொரளையிலேயே இருக்கிறது.

பொரளை கோதமி விகாரையின் உட்சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 1940 ஆம் ஆண்டுகளில் தீட்டினார். ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒரே தளத்தில் காட்டும் ஐரோப்பியக் கியூபிசப் பாணியும், சிகிரியாவிலும் அஜந்தாவிலும் காணப்படும் வளைவுகளும் இச்சுவரோவியங்களில் ஒன்றுகலந்துள்ளன. புத்தரின் தவத்தைக் குலைக்க வந்த மாரனின் சோதனையைக் காட்டும் பகுதியில் உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கித் திரண்டிருக்க, அந்த நெருக்கத்தின் நடுவில் புத்தர் அசைவின்றி அமர்ந்திருக்கிறார். தோள், இடை, கால் யாவற்றையும் வரையறுப்பது நிழலன்று, தடித்த ஓடுகோடே. கோட்டுக்குள் வண்ணம் பெரிதும் சமதளமாகப் பரவிநிற்கிறது.

திரைக்கு ஏற்ற ஓவியத்தின் இலக்கணமும் ஏறத்தாழ இதுவே. சுவரிலுள்ள வண்ணம் தன்மீது விழும் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. திரையோ தானே ஒளிவிடுகிறது. எனவே கோட்டாலும் பரந்த வண்ணத்தாலும் நிற்கும் படைப்பு திரையிலும் உயிர்தரிக்கும். எண்ணெய் வண்ணத்தை மேடுபள்ளம் தெரியக் குழைத்துப் பூசும் தடிப்பூச்சையே உயிராகக் கொண்ட படைப்பு அங்கே தட்டையாகிவிடும். 1943 இல் கொழும்பில் உருவான '43 குழு என்ற ஓவியர் அமைப்பில் கீற்றுடன் இணைந்திருந்த ஜஸ்ரின் தரணியகலவின் தடிப்பூச்சு ஓவியங்களை நேரில் கண்டவர்கள், அவற்றின் நிழற்படத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை உணர்வார்கள்.

அடுத்தது அளவு. தொலைக்காட்சித் திரையின் அகல உயர விகிதம் 16:9. மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் நெடிதாக நிற்கும் ஓவியத்தைத் திரை முழுவதும் நிரப்பினால் அதில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுப்போகும். ஓவியர் கட்டிய அமைப்பைக் கருவி அறுப்பதை ஏற்கலாகாது. இருபுறமும் மங்கிய நிறத்தில் ஓரம் விட்டு முழு ஓவியத்தையும் காட்டுவதே முறை. கடையில் வாங்கிய அன்றிருந்த கூசும் வெளிச்சத்தையும் அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தணித்தல் வேண்டும்.

விகாரைச் சுவரோவியம் கண்ணுக்குப் பயிற்சியே தவிர, வீட்டுத் திரைக்கான சரக்கன்று. பலரின் வழிபாட்டுக்குரிய அக்காட்சிகள் விளம்பரமும் தொடர்நாடகமும் மாறிமாறி வரும் இடத்தில் நிற்பது பொருத்தமாகாது. சாமிப்படத்துக்குச் சாமித்தட்டு இருப்பது போலவே அவற்றுக்கு விகாரை இருக்கிறது. அன்றியும், கீற் 1993 இல் காலமானார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைத்தவர் இறந்தபின் 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. ஆகவே அவருடைய படைப்புகளின் படங்களை உரிய அனுமதியோடு வெளியானவற்றிலிருந்தே பெறவேண்டும். தடையற்றவை வேண்டுவோர்க்கு, நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகமும் ஆம்ஸ்ரர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகமும் உரிமைக்காலம் முடிந்த ஓவியங்களின் படங்களை இலவசமாகவே வழங்குகின்றன. எதை நிறுத்தினாலும் சில கிழமைகளுக்கு ஒன்றே நிற்கட்டும். நிமிடத்துக்கொன்றாக மாறுபவற்றில் எதுவும் மனத்தில் பதிவதில்லை.

நேயர்கள் திரைக்குரிய படத்தைத் தேடுமுன் கோதமி விகாரைக்கு ஒருமுறை செல்லவேண்டும்; '43 குழுவின் ஓவியங்கள் வைக்கப்பட்டுள்ள, அக்குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் இல்லமான சபுமல் மன்றத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டும்.