பெண்மக்களின் சடுகுடு ஆட்டமும் தேகப் பரிசோதனையும்

(பசியாவரத்திற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சடுகுடு நம் பழைய விளையாட்டேயாயினும், பெண்கள் அதனை உலக அரங்கில் ஆடத் தலைப்பட்டது அண்மைக் காலத்தேயாம். ஆசிய விளையாட்டு விழாவில் மகளிர் கபடி முதன்முதற் சேர்க்கப்பட்டது 2010-ஆம் ஆண்டில், சீன தேசத்துக் குவாங்சௌ நகரிலே. அவ்வாண்டும் 2014-இலும் நம் நாட்டு மகளிர் பொற்பதக்கம் பெற்றனர். 2018-இல் ஈரானியரிடம் தோற்றனர். 2023-இல் ஹாங்சௌ நகரில் 26-க்கு 25 என ஒரே புள்ளியால் வென்று அதனை மீட்டனர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விழாவில் வாகை சூடிய இந்தியப் பெண்கள் அணிக்குத் துணைத்தலைவி, சென்னைக் கண்ணகி நகரத்துக் கார்த்திகா. எளியோர் குடியிருப்பில் வளர்ந்த நங்கைக்கு இயன்றது, ஏரிக்கரையில் வளரும் நம் பெண்களுக்கு இயலாதோ?

இயலும். ஆயினும் ஆசை மட்டும் போதாது. தேகநிலை அறிதல் வேண்டும். பாடிச் செல்பவளுக்குத் தவணை 30 விநாடி. அதற்குள் மூச்சடக்கி, எதிரணியார் காக்கும் களத்துட் புகுந்து, தொட்டு மீளவேண்டும். சிறிது ஆறி மீண்டும் புகவேண்டும். ஓடி, இளைப்பாறி, உடனே ஓடும் இவ்வன்மையை அளக்கவே டென்மார்க் தேசத்து அறிஞர் பாங்ஸ்போ ‘யோ-யோ’ என்னும் பரிசோதனையை வகுத்தார். 20 மீட்டர் இடைவெளியில் இரு கோடுகள். ஒலிக்கேற்பச் சென்று மீண்டபின் 10 விநாடி இளைப்பாறல். போகப்போக வேகம் மிகும். இருமுறை காலந் தப்பினவள் நிற்பாள். இதற்குப் பெருஞ்செலவில்லை.

ஈண்டு என் பிழையொன்றை ஒளியாது கூறுகின்றேன். சில ஆண்டுகட்கு முன் என் மாணவி ஒருத்தி நான்காம் ஓட்டத்திலேயே அமர்ந்துவிட்டாள். ‘சோம்பேறி’ எனப் பலர்முன் வைதேன். மறுநாள் முதல் அவள் களத்திற்கு வந்திலள். பின்னர்க் குருதியைச் சோதித்தபோது, 12 கிராமிற் குறையாதிருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 8-ஆக இருந்தது. அவளிடம் குறைந்தது ஊக்கமன்று, இரும்புச்சத்தே! அவள் ஒருத்தியோ? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுடைய இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேர் சோகையுற்றவர்.

அன்பர்காள்! கழி ஊன்றி ஆழம் பார்த்தே தோணி செலுத்துகின்றோம். ஆழங்குறைந்ததென ஏரியை வைவாருண்டோ? பரிசோதனையும் அத்தகைய கழியேயாம். பெண்ணைக் கழிப்பதற்கன்று, அவளுக்கு வேண்டுவது யாதென அறிவதற்கே.

ஆதலின் சங்கத்தாரை மூன்று வேண்டுகின்றேன். ஓட்டத்திற்கு முன் குருதிச் சோதனை நடைபெறுக. அளவெடுப்பவர் பெண்ணாசிரியராகுக; எடையும் பிற குறிப்புகளும் பிறரறியக் கூறப்படாதிருக்க. சோகையுள்ளவளுக்கு மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரையும் மீனும் இல்லத்திற் கிடைக்க. நல்ல மீனெல்லாம் சந்தைக்குப் போக, எஞ்சியதும் ஆண்மக்கள் இலைக்கே போகுமாயின், எந்த அளவுகோலால் என்ன பயன்?

அன்று நான் வைத மாணவி களத்திற்குத் திரும்பவேயில்லை. இன்னொருத்தியை அவ்வாறு இழவாதிருப்போமாக!