மைதானம் இல்லாத ஊரில் உடல் வலிமை

கண்டி நகரில் சமநிலம் அரிய பொருள். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே, மலைகளின் நடுவே அமைந்த ஊர் இது. கீழ்வீட்டுக் கூரையும் மேல்வீட்டு முற்றமும் ஒரே மட்டத்தில் இருப்பதை இங்கே எத்தனையோ தெருக்களில் காணலாம். பாடசாலைகள் பலவும் மலைச்சரிவைத் தட்டுத்தட்டாக வெட்டிக் கட்டப்பட்டவை. வகுப்பறைக்குப் போக ஐம்பது படி ஏறவேண்டும்; பந்து விளையாடவோ ஐம்பது அடி நிலம் இராது. இருக்கிற சிறிது நேரத்தையும் புலமைப்பரிசில் பரீட்சையும் மாலை வகுப்புகளும் விழுங்கிவிடுகின்றன. "விளையாட இடமில்லை, கருவிகள் வாங்கப் பணமில்லை, பிள்ளைகள் உடலை வளர்ப்பது எங்ஙனம்?" என்று பெற்றோரும் ஆசிரியரும் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால், வலிமை இரும்பிலே இருக்கிறது என்ற பிழையான எண்ணம் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது.

தசைக்கு இரும்பு தெரியாது, சுமைதான் தெரியும். அச்சுமை பளுத்தூக்கும் தண்டிலிருந்து வந்தாலும் சொந்த உடம்பிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றே. நம் பெரியோர் எடுத்த தண்டாலையே நோக்குவோம். தரையில் கையூன்றித் தண்டால் எடுப்பவர் தம் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகளால் தாங்குகிறார். ஐம்பது கிலோகிராம் எடையுள்ள மாணவனுக்கு அது 32 கிலோகிராம் அளவில் வரும். முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் சுமை உடல் எடையில் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இரண்டடி உயரமுள்ள திண்ணையில் கையூன்றினால் 20 கிலோகிராம் அளவே மிஞ்சும். ஆகவே படிக்கட்டு உள்ள வீட்டில் பளுவைக் கூட்டவும் குறைக்கவும் வேறு கருவி வேண்டியதில்லை. மேற்படியில் கையூன்றித் தொடங்கிய பிள்ளை மாதத்துக்கு ஒரு படியாகக் கீழே இறங்கி வரட்டும். தரையை அடையும் நாளில் அவன் தோளும் மார்பும் வேறாயிருக்கும். படிக்கட்டு இல்லாத வீடு கண்டியில் எங்கே இருக்கிறது?

அண்மைக் காலத்தில் இளைஞரைக் கவர்ந்துள்ள கலை ஒன்று உண்டு. கருவி எதுவுமின்றி, எதிர்ப்படும் சுவரையும் வேலியையும் படியையும் ஓடியும் தாவியும் ஏறியும் கடந்து செல்வது அது. 'பார்க்கூர்' என்று பெயர். திரைப்படத்திலும் கைத்தொலைபேசியிலும் அதைக் காணும் சிறுவன், கூரைக்குக் கூரை பாய்வதே அக்கலை என்று எண்ணிவிடுகிறான். அதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அவ்வரலாறு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாக இருந்த ஜோர்ஜ் ஈபேர் என்பவரிடம் தொடங்குகிறது. 1902ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்த்தினிக்கில் பெலே எரிமலை வெடித்து, சென் பியேர் நகரத்தை அழித்தது. மாண்டவர் ஏறத்தாழ 28,000 பேர். அப்பேரழிவின்போது மீட்புப் பணியில் ஈபேரும் ஈடுபட்டவர் என்பர். கப்பற் பயணங்களில் அவர் கண்ட தூரதேச மக்கள் உடற்பயிற்சிச் சாலையையே அறியாதவர். எனினும் கட்டமைந்த உடலும் சுறுசுறுப்பும் உடையவர். நடத்தல், ஓடல், தாவுதல், நாற்காலில் ஊர்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் என்னும் பத்துத் தொழில்களை வைத்து அவர் ஒரு பயிற்சிமுறையை வகுத்தார். வலிமை பிறருக்குப் பயன்படுவதற்கே என்பது அவர் கொள்கை. அம்முறையிலிருந்து படைவீரருக்கான தடைதாண்டும் பயிற்சிகள் வளர்ந்தன. வியட்நாமில் பிறந்து, பாரிஸ் நகரத் தீயணைப்புப் படையில் சேவை செய்த றேமோன் பெல் என்பவர் அவற்றிலே தேர்ந்தவர். அவர் மகன் டேவிட் பெல் பாரிஸ் நகரை அடுத்த லிஸ் என்னும் ஊரில் தோழர்களோடு வளர்த்ததே பார்க்கூர். 2022இல் தோக்கியோவில் அதற்கு உலகப் போட்டியும் நடந்தது. அது பெரிய காரியமன்று. எரிமலையும் தீயணைப்புப் படையும் இக்கலையின் பிறப்பில் இருப்பதையே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

இத்தகைய பயிற்சிக்குப் பிரான்சு தேசத்தைத்தான் நோக்கவேண்டுமா? கண்டி நகரின் அருகே நித்தவெல என்றோர் ஊர் உண்டு. இன்று அப்பெயரைக் கேட்டவுடன் றக்பி மைதானத்தை நினைப்பவரே பலர். ஆனால் நித்தவெல குணயா என்னும் பெரும் நர்த்தகரைத் தந்த ஊரும் அதுவே. கண்டிய நடனம் பயிலவரும் பிள்ளைக்கு ஆசான் முதலில் ஆட்டம் சொல்லிக் கொடுப்பதில்லை. நிற்கச் சொல்லிக் கொடுக்கிறார். பாதங்களை அகற்றி, முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து, முதுகை நிமிர்த்தி, முழங்கைகளைத் தோள்மட்டத்துக்கு உயர்த்தி நிற்கும் அந்நிலைக்கு 'மண்டிய' என்று பெயர். பார்ப்பதற்கு எளிது. நின்று பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் தொடை நடுங்கத் தொடங்கிவிடும். அந்நிலையிலிருந்தே 'பா சரம்ப' என்னும் காற்பயிற்சிகள், தாளம் மெதுவாகத் தொடங்கி விரைந்து செல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தெய்வ வழிபாட்டோடு பிறந்த ஒரு கலையைத் தேகாப்பியாசம் என்று சுருக்கிவிடுதல் தகாது. எனினும், எசல பெரஹராவிலே கும்பல் பெரஹரா ஐந்திரவும் ரந்தோலி பெரஹரா ஐந்திரவும் வெறுங்காலோடு வீதியில் ஆடிச் செல்லும் அந்நர்த்தகரின் கால்களை எந்த இரும்பு வளர்த்தது? அவர்கள் அந்தரத்தில் சுழன்று தரையிறங்குவதைச் சிங்களத்திலும் கரணம் என்றே சொல்கின்றனர். நம்முடைய சொல்லும் அதுவே. அக்கரணம் முதல்நாட் பாடமன்று. உறுதியாக நிற்கவும் தாளத்தில் மிதிக்கவும் பழகிய காலுக்கே அது கிட்டும்.

இது ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்பாரும் உளர். ஆடவர் மட்டுமே ஆடிவந்த இந்நடனத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மேடையில் தமதாக்கிக்கொண்ட வஜிராவின் பெயரை அவர்களுக்கு நினைவூட்டினாற் போதும்.

மலையகத் தமிழரிடையேயும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. தோட்டங்களில் ஆடப்படும் அருச்சுனன் தபசுக் கூத்திலே, அருச்சுனனாக வேடம் பூண்டவர் நட்டுவைத்த உயர்ந்த கம்பத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறுகிறார். ஏறுவதற்குக் கையும் காலும் வேண்டும். ஏறிக்கொண்டே பாடுவதற்கு மூச்சும் வசமாயிருக்க வேண்டும். உடற்பயிற்சி நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் மூச்சடக்கத்தை அந்தக் கலைஞர் நள்ளிரவில், ஊரார் முன்னிலையில் செய்து காட்டுகிறார்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "மலையேறி உழைக்கும் தோட்டத்து மக்களுக்குப் பயிற்சி எதற்கு? அவர்கள் உழைப்பே பயிற்சியன்றோ?" என்பர். நகரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் சொல்லும் சொல் இது. கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாள்முதல், அச்சரிவுகளில் ஏறி இறங்கியவை பெரும்பாலும் நம் பெண்களின் கால்களே. நாளொன்றுக்கு 15, 20 கிலோகிராம் கொழுந்து பறித்து, மழையிலும் வழுக்கும் மண்ணிலும் சுமந்து வரும் பெண்ணின் உடம்பு வலிமை பெறுகிறதா, தேய்கிறதா? பயிற்சி என்பது அளவோடு உழைத்து, போதிய உணவு உண்டு, ஓய்ந்து, மறுமுறை சற்றுக் கூடுதலாகச் செய்வது. ஓய்வில்தான் தசை வளர்கிறது. உழைப்பிலோ அளவைத் தீர்மானிப்பது உடம்பன்று, நிறைத் தராசு. ஒரே பக்கத்துத் தசையே நாள்தோறும் இழுபடுகிறது; முதுகு கூனுகிறது. அவ்வம்மையாருக்குத் தண்டால் எடுக்கச் சொல்வது பரிகாசம். அவருக்கு வேண்டியவை ஓய்வும் உணவுமே. பயிற்சி வேண்டியது அவருடைய மகளுக்கு. பாடசாலையில் ஆறு மணிநேரமும் மாலை வகுப்பில் இரண்டு மணிநேரமும் அமர்ந்துவிட்டு, லயத்துக்குத் திரும்பும் பிள்ளை அவள். ஐந்து வயதுமுதல் பதினேழு வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்கவேண்டும் என்றும், தசையை உறுதிப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளேனும் செய்யவேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவளுக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது?

இனி, தாவுதலைப் பற்றி. ஹந்தானை மலைக்குச் சென்று வந்தவர் மறுநாள் தொடை வலிக்கிறது என்பார். அது பெரும்பாலும் ஏறியதனால் வந்த வலியன்று, இறங்கியதனால் வந்தது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. பழகாத தசைக்கு அது கடினமான வேலை. உயரத்திலிருந்து குதித்து நிலத்தில் ஊன்றும் கணத்திலும் அவ்வேலையே, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு, நொடிப்பொழுதில் நடக்கிறது. ஆதலால் இறங்கக் கற்பதே முதற்பாடம். ஒரு படி உயரத்திலிருந்து இறங்குக. முன்பாதம் முதலிற்பட, முழங்கால் மடிய, ஓசையின்றி இறங்குக. ஓசை கேட்டால் பாடம் முடியவில்லை என்பது பொருள். வாரக்கணக்கில் இது பழகிய பின்னரே இரண்டாம் படி. கூரை இந்தப் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. கூரைப் பாய்ச்சலில் கண்டி நகருக்கு ஆசான்கள் உடவத்தைக்கலைக் காட்டிலிருந்து வந்துபோகும் குரங்குகளே; அவற்றோடு போட்டியிட வால் ஒன்றும் வேண்டும்.

இடத்தையும் ஆராய்ந்தே தொடங்கவேண்டும். கண்டியில் மழைக்குப்பின் சுவரிலும் படியிலும் பாசி படரும். காய்ந்ததுபோல் தோன்றும் கல்லும் காலை வாரிவிடும். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியின் ஓரத்து மதில் தாவுவதற்கு வசதியாகத் தோன்றலாம். அது புராதனச் சின்னம். தலதா மாளிகையின் சுற்றாடல் வழிபாட்டிடம். அங்கே நடப்பதே பயிற்சி. மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட வாவிச் சுற்றை விரைந்து நடந்து முடிப்பதும் எளிதன்று.

மழைநாளில் என்ன செய்வது என்பது ஒன்றே எஞ்சியுள்ளது. பாடசாலை விறாந்தை போதும். பிள்ளைகள் ஒரு கையகலம் விட்டு வரிசையாக நிற்கட்டும். ஒருவர் மேசையில் தாளம் போடட்டும். மற்றையோர் மண்டிய நிலையில் இருபது எண்ணும்வரை நின்று, எழுந்து, மூச்சு வாங்கி, மீண்டும் நிற்கட்டும். பின்னர் பஸ்கி பத்து. சுவரில் கையூன்றித் தண்டால் பத்து. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த வாரம் இருபத்தைந்துவரை எண்ணலாம். தாளம் போடும் முறை எல்லாருக்கும் சுற்றி வரட்டும். தாளக்காரர் மட்டும் நிற்காமல் தப்பித்துக்கொள்வது நல்லதன்று.