நைட்டியும் நியூஸ் புடவையும்

(நமது குடியிருப்பின் குடும்ப விழாவில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செய்திமடல் குழு கேட்டதால் இங்கே.)



சில வருடங்கள் ஒரு தனியார் சேனலில் செய்தி வாசித்தவள் என்பதால், "டிவியில் வருபவர்கள் எப்படி உடுத்த வேண்டும், நாம் எப்படி உடுத்த வேண்டும்" என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு ஏன் இப்போது வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு வருகிறேன்.

தூர்தர்ஷனில் ஷோபனா ரவி செய்தி வாசித்த காலத்தில், எங்கள் வீட்டில் பாதிப் பேர் செய்தியைக் கேட்பார்கள், பாதிப் பேர் புடவையைப் பார்ப்பார்கள். என் அம்மா இரண்டாவது கட்சி. நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் புடவைக்குப் பின்னால் உள்ள வேலை புரிந்தது. நெருக்கமான மெல்லிய கோடு போட்ட துணி கேமராவில் நெளியும். பளீர் வெள்ளை கட்டினால் முகம் இருண்டு போகும். மைக்கைக் குத்த முந்தானை மடிப்பு வேண்டும், அதன் பெட்டியைச் செருக இடுப்பு வேண்டும். வானிலை சொல்பவர் பச்சை கட்டவே கூடாது. பின்னால் இருக்கும் பச்சைத் திரையில்தான் வரைபடத்தைச் சேர்ப்பார்கள். பச்சைப் புடவை கட்டினால் வயிற்றில் வங்காள விரிகுடா தெரியும்! இதெல்லாம் இடுப்புக்கு மேலேதான். மேஜைக்குக் கீழே ரப்பர் செருப்பு.

ஆக, அது வேலைக்கான உடை. டாக்டர் கோட்டு மாதிரி. அதை வைத்து நல்ல பெண், கெட்ட பெண் என்று முடிவு செய்தவர்கள் பார்த்தவர்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. வீட்டில் இருந்தபடியே, பழைய சுடிதாரோடு ஓடினேன். நாகப்பட்டினம், கடலூர் என்று ஊர் ஊராகப் பலி எண்ணிக்கையை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை தாள் வரும்போதும் எண் கூடியிருக்கும். இரவு வெளியே வந்ததும் வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள்: "மேடம், ரெண்டு பேர் போன் பண்ணாங்க. நீங்க ஏன் பொட்டு வைக்கல, துப்பட்டா ஏன் சரியா இல்லனு கேட்டாங்க." என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் மூன்று நாள் தாடியோடு இருந்தார். அவரைப் பற்றி ஒரு போன்கூட இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கார்ல் ஸ்டெபானோவிக் என்ற காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர், ஏறக்குறைய ஒரு வருடம் ஒரே நீல நிற சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் கவனிக்கவில்லை. 2014இல் அவரே சொன்ன பிறகுதான் தெரிந்தது. உடன் தொகுத்த பெண்ணின் உடையைப் பற்றி ஓயாமல் வந்த விமர்சனங்களைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தாராம்.

சரி, நம் வாசலுக்கு வருவோம். புதிய விதிகளின் வரைவில் ஒரு வரி இருக்கிறது: "லிஃப்ட், பூங்கா, லாபி ஆகிய பொது இடங்களில் நைட்டி, லுங்கி, ஷார்ட்ஸ் தவிர்க்கவும்." 2023 ஜூனில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு குடியிருப்போர் சங்கம் லுங்கிக்கும் நைட்டிக்கும் இப்படித்தான் சுற்றறிக்கை விட்டது. நாடு முழுக்கச் செய்தியாகிச் சிரித்தார்கள்.

நீச்சல் குளத்துக்கு நீச்சல் உடை வேண்டும், ஜிம்முக்கு ஷூ வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. லிஃப்டில் நைட்டி என்ன கெடுதல் செய்கிறது? காலை ஆறு மணிக்குக் கீழே வருபவர்கள் யார்? பால் பாக்கெட் எடுப்பவர்கள், குப்பை போடுபவர்கள், பள்ளி வேனுக்குப் பிள்ளையை ஏற்றுபவர்கள். சென்னை வெயிலில் மூன்று அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறவர்கள். அதிலும் பாவம், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

2014இல் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிய நீதிபதியை உள்ளே விடவில்லை என்றதும் நாம் எல்லாரும் கொதித்தோம். அதே ஆண்டு சட்டசபையில் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தக் கோபத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா?

நானும் யோக்கியம் இல்லை. போன வருடம் லிஃப்டில், ஷார்ட்ஸ் போட்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம், "குளிரலையாம்மா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்தால் படியில் இறங்குகிறாள். அன்று போன் செய்த அந்த இரண்டு பேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

என் மாமியாருக்கு 78 வயது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு புடவை கட்ட முடிவதில்லை. 50 வருடம் புடவை தவிர வேறு உடுத்தாதவர், இப்போது நைட்டிதான். முதல் இரண்டு மாதம் வெட்கப்பட்டுக் கதவுக்கு வெளியே வரவே இல்லை. கெஞ்சிக் கூட்டி வந்தோம். இப்போது தினமும் மாலை பி பிளாக் பெஞ்சில் நான்கு தோழிகளோடு உட்காருகிறார். அந்த ஒரு வரி நோட்டீஸ் போர்டில் ஏறினால், யாரும் எதுவும் சொல்லாமலே அவர் கீழே வருவதை நிறுத்திவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடுங்கள். அன்று அத்தையும் வருவார், நைட்டியில்தான். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று முன்வரிசையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலில் அவரால் உட்கார முடியாது.